ஐவரோடு நின்றுவிடக் கூடாது: ஹீமோபிலியா குருத்தணு ஆய்வுக்குத் தொடர் நிதி கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
ஹீமோபிலியா நோயாளிகள், பெற்றோர் சங்கம்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
1. செயலாளர் அவர்கள், உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய அரசு, புது தில்லி.
2. செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை, தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: ஹீமோபிலியா ‘ஏ’ நோய்க்கான குருத்தணு வழி மரபணு சிகிச்சை ஆய்வின் அடுத்த கட்டத்துக்குத் தொடர் நிதி ஒதுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வேலூர் பாகாயத்தில் உள்ள குருத்தணு ஆய்வு மையம், உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியோடு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 2005-இல் தொடங்கியது. அந்த முதலீடு வீண்போகவில்லை. கடுமையான ஹீமோபிலியா ‘ஏ’ உள்ள ஐந்து பேருக்கு அங்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயின. ஐவரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதங்கள். அதில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை.

இதன் பொருள் என்ன என்பது ரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் ஊசியோடு வாழும் குடும்பங்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நோய் வருகிறது. ஃபாக்டர் 8 ஊசியின் வீரியம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதால், கசிவைத் தடுக்க வாரம் இரண்டு மூன்று முறை போட்டாக வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஃபாக்டர் குப்பி இருக்கும். ஊருக்குப் போனால் ஐஸ் போட்ட டப்பாவில் அதுவும் கூடவே வரும். சின்னக் குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் குத்துவார்கள். பிள்ளை கதறும், தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு தவணை தப்பினால் முழங்காலுக்குள் ரத்தம் கட்டும். அப்படிப் பல முறை கட்டிய மூட்டு இருபது வயதிலேயே மடங்க மறுக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசமாகக் கிடைப்பதை நன்றியோடு குறிப்பிடுகிறோம். எமிசிசுமாப் போன்ற தோலடி ஊசிகளும் வந்துள்ளன. ஆனால் இவை எல்லாமே ஆயுள் முழுக்கப் போட வேண்டியவை.

வேலூர் முறை வேறு. நோயாளியின் ரத்தத்திலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, லென்டிவைரஸ் வழியாக ஃபாக்டர் 8 மரபணுவை அவற்றுக்குள் செலுத்தி, கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் ஏற்படுத்திய பின் திரும்ப உடலில் ஏற்றுகிறார்கள். அதன்பின் உடலே ஃபாக்டரைத் தயாரிக்கிறது. முதல் இருவருக்கு ஃபாக்டர் அளவு சிறிதே உயர்ந்தது. அணுக்களுக்குள் மரபணு கூடுதலாகச் சேர ஒரு துணைப்பொருளைச் சேர்த்த பிறகு, அடுத்த மூவருக்கும் அது ஏறத்தாழ 20 முதல் 40 சதவீதத்தை எட்டியது. ஆய்வகத்தில் செய்த ஒரே ஒரு மாற்றம் இவ்வளவு வேறுபாடு தருகிறது என்றால், இடைவெளி விடாமல் ஆய்வு நடக்க வேண்டியதன் தேவையைத் தனியே வாதாட வேண்டியதில்லை.

ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. கீமோதெரபிக்கும் அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. இரண்டும் எங்களுக்குத் தெரியும். நோய் ஒழிந்தது என்று கொண்டாட நாங்கள் வரவில்லை. சரிபார்க்கும் அளவுக்கு ஆய்வு வளர வேண்டும் என்றே கேட்கிறோம்.

தனியார் நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று விடவும் முடியாது. இதே நோய்க்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி பெற்ற ‘ராக்டேவியன்’ மருந்தின் விலை அப்போது ஒரு நோயாளிக்கு 29 லட்சம் டாலர், அதாவது இருபது கோடி ரூபாய்க்கும் மேல். அது பயன்படுத்தும் ஏஏவி வகை வைரஸுக்கு எதிர்ப்பொருள் உடலில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்கவும் முடியாது.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை: அடுத்த கட்ட ஆய்வுக்கான நிதியை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பாக அன்றி, குறைந்தது ஐந்தாண்டுத் திட்டமாக ஒரே ஆணையில் வழங்க வேண்டும். ஒரு திட்டம் முடிந்து அடுத்ததற்கு ஒப்புதல் வருவதற்குள், பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவது நம் நாட்டில் புதிதல்ல. மரபணுவை அணுக்களுக்குள் கொண்டுசெல்லும் வைரஸை, அதாவது வெக்டரை, மருத்துவத் தரத்தில் தயாரிப்பது இச்சிகிச்சையில் செலவு மிகுந்த கட்டங்களில் ஒன்று என்பதால், அதை உள்நாட்டிலேயே தயாரிக்கும் வசதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். அந்த வசதி தலசீமியா, சிக்கிள் செல் நோயாளிகளுக்கான ஆய்வுகளுக்கும் உதவும்.

மரபணுவை அணுவின் மரபுத்தொகுதிக்குள்ளேயே சேர்க்கும் இத்தகைய சிகிச்சைகளுக்குப் பதினைந்து ஆண்டு வரை கண்காணிப்பு தேவை என்பது உலக நடைமுறை. ஐவருக்கும் இனி வருவோருக்கும் அந்தச் செலவை, பயணப்படி உட்பட, அரசே ஏற்க வேண்டும்.

பொதுப்பணத்தில் உருவான சிகிச்சையை நாளை ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்க நேர்ந்தால், விலை உச்சவரம்பை அந்த ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால் எந்த நிறுவனமும் பேச வராது. அனுமதி கிடைத்ததும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் சேர்க்கத் தமிழ்நாடு அரசு இப்போதே கொள்கை முடிவு எடுக்க வேண்டும்.

மற்றொன்று. குருத்தணு என்ற பெயரைச் சொல்லி ஆட்டிசம் முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் லட்சக்கணக்கில் வசூலிக்கும் கிளினிக்குகள் பெருகிவிட்டன. 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்கள், ரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றம் போன்ற நிரூபிக்கப்பட்டவை தவிர மற்றவை முறையான ஆய்வாகவே நடக்க வேண்டும் என்கின்றன. ஆய்வில் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. மாவட்ட மருத்துவ இணை இயக்குநர்கள் மூலம் இந்த இடங்களைச் சோதித்து நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம். உண்மையான ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னால்கூட எங்கள் சங்கப் பெற்றோர் தயங்குவதற்கு இந்தக் கிளினிக்குகளே காரணம்.

இரு துறைகளின் அதிகாரிகளும் ஆய்வு மையத்தாரும் எங்கள் பிரதிநிதிகளும் சேர்ந்து அமரும் கூட்டம் ஒன்றை வேலூரிலேயே கூட்டி, வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்னதாக எங்களுக்கு எழுத்துபூர்வமான பதில் அளிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் / செயலாளர்