பாட்டியின் ஊர் எங்கே?

பெங்களூரில் சுற்றுலா நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர் ஒரு பயணத் திட்டத்தைக் கொண்டுவந்து என் மேஜைமீது வைத்தார். இஸ்ரேலிலிருந்து 22 பேர் வருகிறார்கள். அத்தனை பேரும் கொச்சி யூதர்களின் வாரிசுகள். பெங்களூரில் இறங்கி, மைசூர் அரண்மனையைப் பார்த்துவிட்டு, இரவு ரயிலில் எர்ணாகுளம். அங்கே ஒன்றரை நாள். 'மூதாதையர் மண் தரிசனம்' என்று தலைப்பு. மலையாளமும் கொஞ்சம் தெரிந்த ஆள் என்பதால் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் திட்டத்தில் குறை ஏதும் இல்லை. 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயம், அதன் நீல நிறச் சீன ஓடுகள், 1760ஆம் ஆண்டு மணிக்கூண்டு, யூதத் தெருக் கடைகள், மாலையில் சீன வலை, இரவில் கதகளி. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இவர்களுடைய தாத்தா பாட்டிகள் எந்த ஊர்க்காரர்கள்?"

நண்பர் விழித்தார். "கொச்சிதான் சார்."

சிக்கலே அங்குதான் இருக்கிறது. கொச்சி யூதர் என்பதில் உள்ள கொச்சி ஓர் ஊரை மட்டும் குறிப்பதல்ல. பழைய சமஸ்தானத்தின் பெயர் அது. அதுகூட முழுக்கச் சரியில்லை. பரவூர் யூதர்கள் வாழ்ந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த வட்டாரத்தில் எட்டு ஜெபாலயங்கள் இருந்தன. உள்ளூர்க்காரர்கள் 'யூதப் பள்ளி' என்பார்கள். மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. சுற்றுலாப் பயணி அறிந்தது எட்டில் ஒன்றைத்தான். இஸ்ரேலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மற்ற ஏழையும் சேர்ந்தவர்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பரதேசி பள்ளி என்பது பின்னாளில் ஸ்பெயினிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களின் வழிபாட்டிடம். அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாக இங்கே இருந்த மலபார் யூதர்களுக்கு அங்கே சம உரிமை கிடையாது. அடிமை வம்சம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பள்ளிக்குள் பெஞ்சில் உட்காரவே முடியாத காலம் இருந்தது. அதை எதிர்த்து உள்ளேயே சத்தியாகிரகம் செய்தவர் ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர். 'யூத காந்தி' என்று பெயர் வாங்கியவர். மாளாவிலிருந்து போன குடும்பத்தின் பேரனை மட்டாஞ்சேரியில் நிறுத்தி 'இதுதான் உன் தாத்தா தொழுத இடம்' என்று சொன்னால், அது வரலாறும் இல்லை, மரியாதையும் இல்லை.

நண்பர் கடிதம் எழுதி விசாரித்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 22 பேரில் பரதேசி பள்ளியைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. பரவூர், சேந்தமங்கலம், எர்ணாகுளம், மாளா என்றே பட்டியல் போயிற்று. குழுவில் மூத்தவர் ஒரு பாட்டி. 1955இல் மாளாவைவிட்டுப் போனபோது அவருக்கு ஒன்பது வயது. அவருடைய தாத்தாவின் கல்லறை அங்கே இருக்கிறதாம்.

தமிழருக்கு இந்த நிலைமை புதிதல்ல. 1860 முதல் நேட்டாலுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் கொள்ளுப் பேரர்கள் இன்று தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். கையில் இருப்பது கப்பல் பதிவேட்டின் நகல். அதில் ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. வெள்ளைக்கார குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட கிராமப் பெயர்தான் அடையாளம் தெரியாது. அவர்களை மாமல்லபுரத்துக்கும் மதுரைக்கும் அழைத்துப் போய்த் திருப்பி அனுப்பிவிடுகிறோம். கோபுரம் பார்க்க யாரும் நாலு தலைமுறை காத்திருப்பதில்லை.

யூதர்கள் விஷயத்தில் தடயம் அவ்வளவு மங்கிவிடவில்லை. பழசும் இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடு மட்டாஞ்சேரியில் பாதுகாக்கப்படுகிறது. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் தனிக்குடித்தனம் போகாத காலத்து மொழி. தமிழ் முதுகலை மாணவர் சிறிது முயன்றால் படித்துவிடலாம். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, எக்காளம் என்று 72 உரிமைகள். வரி விலக்கு வேறு. ஆண் மக்களோடு பெண் மக்களுக்கும் மருமகன்களுக்கும் அந்த உரிமை தொடரும் என்கிறது சாசனம். மன்னன் அதை வழங்கிய இடம் முயிரிக்கோடு. நம் சங்கப் புலவர்கள் பாடிய முசிறி அதுதான். 2017இல் பிரதமர் மோடி இஸ்ரேல் சென்றபோது பரிசாகக் கொண்டுபோனவற்றில் இந்தச் செப்பேட்டின் நகலும் உண்டு.

எனவே திட்டத்தை ஊர் வாரியாக மாற்றி எழுதினோம். சேந்தமங்கலத்துக்குப் பாதி நாள். பள்ளி முன்பாக 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல்லறைக் கல் நிற்கிறது. சாரா என்ற பெண்ணின் கல். இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழமையானது அது என்பார்கள். பரவூர்ப் பள்ளி முசிறி பாரம்பரியத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் பழைய வேதப் பேழை இப்போது ஜெருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். பரவூரில் இருப்பது நகல். மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் உள்வேலைப்பாடும் அங்கேதான் போயிற்று. வெறுங்கூடாக நின்ற கட்டடம் 2019 மழையில் இடிந்து விழுந்தது. வருகிறவர்கள் பேழையை அங்கேயே பார்த்திருப்பார்கள். பேழை இருந்த சுவரைப் பார்க்கத்தான் இங்கே வர வேண்டும்.

சில்லறை ஏற்பாடுகளும் உண்டு; அவற்றில் தவறினால் பயணமே கெட்டுவிடும். வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி இரவு வரை வாகனத்தில் ஏற மாட்டார்கள். ஆகவே பள்ளிக்கு நடக்கும் தூரத்தில் விடுதி வேண்டும். கோஹன் என்ற குருக்கள் வம்சத்தார் கல்லறைத் தோட்டத்துக்குள் வர மாட்டார்கள். அவர்களுக்கு வெளியே நிழலில் நாற்காலி வேண்டும். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் தேவை. உள்ளூரில் அந்தப் பத்து சேராமல் போய் வெகுகாலம் ஆகிறது. குழு வந்தால் சேரும். பேரப் பிள்ளைகளுக்கு எபிரேயம் மட்டுமே தெரியும். பாட்டிக்கு 1955ஆம் ஆண்டு மலையாளம் தெரியும். பழைய அண்டை வீட்டாரின் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும். பேச்சு நடக்கப்போவது அங்கேதான்.

கடைசியாக மாளா. 1955இல் ஊரைவிட்டுப் புறப்படும்போது அங்கிருந்த யூதர்கள் பள்ளியையும் கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்து ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பள்ளி வேறு மதத்தின் வழிபாட்டிடமாகக் கூடாது. கல்லறைத் தோட்டம் காக்கப்பட வேண்டும். பள்ளி நிற்கிறது. தோட்டத்தில் ஒரு பகுதி விளையாட்டரங்கத்துக்குப் போய்விட்டது. கல்லறைகளில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக் கூடியவை.

இதைப் பாட்டிக்குச் சொல்வதா, வேண்டாமா? வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார் நண்பர். எண்பதை நெருங்குகிறவரைக் கடல் தாண்டி வரவழைத்து, வெற்றுப் புல்தரையில் நிறுத்தி, 'இங்கேதான் இருந்திருக்கும்' என்று கை காட்டுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. முன்கூட்டியே எழுதிவிடுங்கள் என்றேன். எழுதும் வேலையும் எனக்கே வந்தது. இத்தனை ஆண்டு மொழிபெயர்ப்பில் எத்தனையோ பக்கங்களைப் புரட்டிப் போட்டிருக்கிறேன். அந்த நாலு வரி மலையாளத்துக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

பேரன் மூலம் பதில் வந்தது. கல் இல்லாவிட்டால் பரவாயில்லை, மாளாவுக்கு ஒரு முழு நாள் வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று பாட்டி சொல்கிறாராம்.

மைசூர் அரண்மனையைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டோம்.