மின்னல் அடித்த பக்கங்கள்

மாங்காய் ஊறுகாய் கெட்டுப் போனதற்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2018-ஆம் வருஷம், நல்ல கோடை. என் சித்தி முப்பது வருஷம் பாங்கியில் கணக்கெழுதிவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊறுகாயைக் கடையில் வாங்கியே சமாளித்தவள். "இந்த வருஷம் ஆவக்காய் நானே போடப் போகிறேன். நல்ல செய்முறையாக ஒன்று பார்த்து அனுப்பு" என்று எனக்கு உத்தரவு பிறந்தது. காரியாலயத்தில் ப்ரூஃப் திருத்திக்கொண்டே செல்போனில் தேடினேன். முதலில் வந்த விடையின் ஓரத்தில் சின்னதாக ஒரு மின்னல் குறி இருந்தது. தொட்டேன். தொட்ட விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றுவிட்டது! குதிக்கிற விளம்பரம் இல்லை, கண்ணை உறுத்துகிற வர்ணம் இல்லை. ஆஹா என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

மூன்றாவது வாரம் டெலிபோன் மணி அடித்தது.

"ஏண்டி, ஜாடி முழுக்க வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறதே! அளவு பிசகாமல்தானே போட்டேன்?"

அளவு பிசகாமல் போட்டதுதான் பிசகு. சித்திக்கு எழுத்தில் இருப்பதுதான் கணக்கு. 'உப்பு கால் கப்' என்று போட்டிருந்தால் கால் கப்பேதான். மிளகாய்ப் பொடி ஒரு கப், கடுகுப் பொடி ஒரு கப், உப்பு மட்டும் கால் கப் என்றால் ஊறுகாய் எத்தனை நாள் தாங்கும்? ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் அதே சமையல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே செய்முறைக்குக் கீழே வாசகிகள் எழுதிய கருத்துகள் வரிசையாக இருந்தன. ஐந்தாவது கருத்தில் ஒருத்தி, "உப்பு போதுமா?" என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழேயே செய்முறை எழுதிய அம்மாளின் பதில்: மன்னிக்கவும், கால் கப் அல்ல, ஒரு கப்!

நான் அனுப்பிய மின்னல் பக்கத்தில் இந்தக் கருத்துகள் ஒன்றுமே இல்லை. அவை வேறெங்கோ இருக்கின்றன என்று சொல்வதற்கு ஓர் அடையாளம்கூட இல்லை. திருத்தத்தைச் செய்முறையிலேயே போடாதது அந்த அம்மாளின் தவறு. ப்ரூஃப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவள் உப்பைக் கவனிக்காமல் அனுப்பியதால் எனக்கும் அதில் கால் பங்கு உண்டு.

அந்த மின்னல் குறியின் கதையைச் சொல்கிறேன். 2015-ஆம் வருஷம் அக்டோபர் 7-ந் தேதி கூகிள் நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. 'ஆக்ஸிலரேட்டட் மொபைல் பேஜஸ்', சுருக்கமாக ஏ.எம்.பி. என்று பெயர். செல்போனில் பத்திரிகைப் பக்கங்கள் ஆமை வேகத்தில் வருகின்றனவே, அதற்கு மருந்து என்றார்கள். வியாதி உண்மையான வியாதிதான், நான் மறுக்கவில்லை. பாதி படித்திருக்கும்போது மேலே ஒரு விளம்பரம் வந்து உட்கார, படித்த வரி எங்கேயோ ஓடிப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். டேட்டாவைப் பொன்னைப் போல் எண்ணிச் செலவழித்த நாட்கள் வேறு! 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையைக் கவிழ்த்த பிறகுதானே நாமெல்லாம் தாராளமாக வீடியோ பார்க்க ஆரம்பித்தோம்?

மருந்து எப்படி வேலை செய்தது? பக்கம் தயாரிப்பவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதக்கூடாது. அலங்கார விதிகள் எல்லாம் சேர்ந்து ஐம்பது கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். பின்னால் இதை எழுபத்தைந்தாக உயர்த்தினார்கள். படத்தின் நீள அகலத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எழுத்து குதிக்காமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. இவையெல்லாம் நல்ல கட்டுப்பாடுகள்தான். ஆனால் மின்னல் வேகத்தின் ரகசியம் இதில் மட்டும் இல்லை. பக்கத்தின் நகல் ஒன்றைக் கூகிள் தன்னுடைய களஞ்சியத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் விடைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தொடுவீர்களோ மாட்டீர்களோ, அந்த நகலைத் திரைக்குப் பின்னால் தயாராக இறக்கி வைத்துவிடும். விருந்தாளி தெருமுனை திரும்பும்போதே காப்பியை ஆற்றி வைத்துவிட்டு, "பார்த்தீர்களா, ஒரே நிமிஷத்தில் போட்டுவிட்டேன்!" என்று பெருமை அடித்துக்கொள்வது மாதிரி!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஏ.எம்.பி. பக்கம் சரியாக நடமாட ஒரு பொதுவான ஸ்கிரிப்ட் வந்து சேர வேண்டும். அது வரும் வரையில் பக்கத்தை மூடி வை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஸ்கிரிப்ட் ஏதோ காரணத்தால் வராமலே போனால் எட்டு விநாடி வெறும் வெள்ளைத் திரைதான். அதற்குப் பிறகுதான் எழுத்துகளுக்கு விமோசனம்.

2016 பிப்ரவரியில் இந்தப் பக்கங்கள் தேடல் விடைகளுக்கு வந்தன. செல்போன் திரையின் உச்சியில் 'டாப் ஸ்டோரீஸ்' என்று செய்திகள் அணிவகுத்து நிற்குமே, அந்த வரிசையில் இடம் வேண்டுமானால் பத்திரிகைகள் ஏ.எம்.பி. நகல் தயாரித்தே தீரவேண்டும் என்று ஆயிற்று. சுயமாக எவ்வளவு வேகமான பக்கம் வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. ஒரே கட்டுரைக்கு இரண்டு உருவம், இரண்டு வேலை. இரண்டாவது உருவத்தில் எதையெல்லாம் விடலாம் என்று பார்த்தவர்கள், பல இடங்களில் வாசகர் கருத்தைத்தான் முதலில் விட்டார்கள். சேர்க்கக் கூடாது என்று தடை இல்லை. சேர்க்க வழி உண்டு, மெனக்கெட வேண்டும். பலர் மெனக்கெடவில்லை, எங்கள் சித்தியின் உப்பு போயிற்று.

பத்திரிகைக்காரி என்ற முறையில் எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. நம் பத்திரிகையை நடுப்பக்கத்தில் பிரித்துக் கொடுத்தாலும் இது இன்ன பத்திரிகை என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். எழுத்தின் சாயல், படக்காரரின் கோடு, தலைப்புப் போடுகிற தோரணை எல்லாமே காட்டிக் கொடுத்துவிடும். மின்னல் பக்கங்களிலோ எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சீருடை. நூறு வருஷப் பத்திரிகையும், நேற்று வதந்தி பரப்பக் கடை திறந்தவனும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி நின்றார்கள். செய்தி வரிசையில் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டே விரலைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினால் வேறொரு பத்திரிகையின் கட்டுரை வந்துவிடும். அந்தப் பத்திரிகையின் மற்றப் பக்கங்களைப் புரட்ட வாசல் தேட வேண்டும். திரும்பித் தேடலுக்கே போவதற்கு மட்டும் உச்சியில் பெருக்கல் குறி தயாராக இருக்கும்.

விலாசமும் மாறிப் போயிற்று. கட்டுரை யாருடையதாக இருந்தாலும் விலாசம் கூகிள் என்று ஆரம்பித்தது. அந்த விலாசத்தைத்தானே நாம் தங்கைக்கும் நாத்தனாருக்கும் அனுப்பினோம்? பெற்றவர்கள் அதைக் கூகிளே சொன்னதாக எடுத்துக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? 2017 பிப்ரவரியில் அசல் விலாசத்தை எடுத்துக்கொள்ள மேலே ஒரு சின்னச் சங்கிலிப் படம் வைத்தார்கள். அதைத் தேடிப் பிடித்துத் தொட்டவர்கள் எத்தனை பேரோ! அதே வருஷம் மே மாதம் கனடாவில் டொரான்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த 'ஸிட்டிஸன் லாப்' ஒரு அறிக்கை வெளியிட்டது. பத்திரிகையாளர் ஒருவரின் ஈமெயில் கடவுச் சொல்லைத் திருட அனுப்பிய போலிக் கடிதத்தில், பார்ப்பதற்குக் கூகிள் விலாசமாகவே தோன்றுகிற ஏ.எம்.பி. லிங்க் இருந்தது என்று அதில் விவரித்திருந்தார்கள். நல்ல வீட்டு வாசல் வழியாகத் திருடன் நுழைந்த கதைதான்.

2018 ஜனவரியில் வலைப்பக்கம் அமைக்கிறவர்கள் பலர் சேர்ந்து கூகிளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வேகத்துக்குப் பரிசு கொடுங்கள். இந்த ஒரு சீருடைக்குத்தான் பரிசு என்று சொல்லாதீர்கள். வாசகரைப் பத்திரிகையின் சொந்த வாசலுக்கே அனுப்புங்கள் என்பது அதன் சாரம். அடுத்த வருஷம் அசல் விலாசமே தெரியும்படி ஒரு புது உபாயம் கொண்டுவந்தார்கள். அது எல்லா உலாவிகளிலும் பலிக்கவில்லை. 2020 மே மாதம் கூகிள், செய்தி வரிசைக்கு இனி ஏ.எம்.பி. கட்டாயமில்லை என்று அறிவித்தது. அது அமலுக்கு வந்தது 2021-ல். அந்த வருஷமே மின்னல் குறியும் எடுபட்டது. டெக்ஸாஸ் முதலிய அமெரிக்க மாநிலங்கள் தொடுத்த வழக்கில், ஏ.எம்.பி. அல்லாத விளம்பரங்களை வேண்டுமென்றே ஒரு விநாடி தாமதப்படுத்தினார்கள் என்று ஒரு குற்றச்சாட்டும் அதே 2021-ல் வெளிவந்தது. கூகிள் தன் மேல் சொன்னதை மறுத்திருக்கிறது. நானும் நீங்களும் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கட்டாயம்தான் போயிற்றே தவிர, பக்கங்கள் போய்விடவில்லை. குறி எடுபட்டதால் இப்போது அடையாளம் தெரிவதுதான் கஷ்டம். ஏதாவது ஒரு பக்கம் ரொம்பச் சாதுவாக, கருத்து இல்லாமல், குறிப்பு இல்லாமல் இருக்கிறது என்று தோன்றினால் விலாசத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஏ, எம், பி என்ற மூன்றெழுத்து கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள். பெரும்பாலும் முழுப் பக்கம் வந்துவிடும். விளம்பரங்களும் கூடவே வரும், அதற்கு நான் பொறுப்பல்ல. 2022 ஏப்ரலில் ப்ரேவ் என்ற உலாவி, வாசகருக்குப் பதிலாகத் தானே இந்த வேலையைச் செய்து அசல் பக்கத்துக்கு அழைத்துப் போவதாக அறிவித்தது. டக்டக்கோவும் அவ்விதமே. பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அதுவும் ஒரு தேடும் நிறுவனந்தான்.

சித்தி உலாவியெல்லாம் மாற்றவில்லை. செய்முறை எதைத் திறந்தாலும் முதலில் அடிவரைக்கும் போய்விடுகிறாள். பாங்கியில் வவுச்சர் சரிபார்த்த அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலாகக் கருத்துகளைப் படிக்கிறாள். "ஒருத்தி கடுகை வெயிலில் காய வைத்தால் போதும் என்கிறாள், இன்னொருத்தி வறுக்கணும் என்கிறாள், இதில் யார் பேச்சைக் கேட்பது?" என்று எனக்கு டெலிபோன் செய்கிறாள். நடுவில் வருகிற புடவை விளம்பரங்களையும் அவள் விட்டுவைப்பதில்லை; போன மாதம் இரண்டு வாங்கியிருக்கிறாள்.

முந்தாநாள் எனக்கு ஒரு பாட்டில் ஆவக்காய் வந்தது. பூசணம் இல்லை. உப்புதான் ஒரு கை கூடுதல்.