வெறும் ஜலதோஷ மாத்திரைதானே!

தில்லிக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது. மார்ச் பிறந்தால் எங்கள் குடியிருப்பில் யாராவது தும்மிக்கொண்டே இருப்பார்கள். மரங்கள் பூத்து மகரந்தம் பறக்கிற காலம். நமக்குப் பழகிப்போயிற்று, ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் புதிது.

சென்ற மார்ச்சில் கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. மூன்றாம் நாளே மூக்கு ஒழுக ஆரம்பித்தது. "மாப்பிள்ளை, ஏதாவது மாத்திரை இருந்தா குடுங்கோளேன்" என்றார். தெருமுனைக் கடையில் ஜலதோஷத்துக்கு என்று கேட்டேன். ஒரு அட்டையைக் கிழித்துக் கொடுத்தார்கள். யாருக்கு, என்ன வயது என்று கடைக்காரர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் இரவு அவருக்குச் சிறுநீர் பிரியவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது. மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, மாயவரம் பஸ் போயாச்சா என்று கேட்டார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவசரப் பிரிவில் குழாய் போட்ட இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சளிக்கு ஏதாவது கொடுத்தீர்களா?"

மாமனாருக்குப் புராஸ்டேட் வீக்கம் இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அதற்கும் தும்மல் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியாது.

சம்பந்தம் இதுதான். ஒவ்வாமை உள்ளவர் உடலில் மகரந்தம் பட்டதும் சில செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அது எச்-1 என்னும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் அரிப்பு, தும்மல், மூக்கில் நீர். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை ஹிஸ்டமினை அழிப்பதில்லை. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. பழைய மாத்திரைகளான குளோர்பெனிரமின், புரோமெத்தசின் வகையறா அடுத்த பெட்டியிலும் துண்டு போடும். மூளைக்குள் புகுந்து தூக்கத்தைக் கொடுக்கும். அசெட்டைல்கோலின் என்னும் இன்னொரு பொருளின் வேலையைத் தடுக்கும். அதனால் வாய் உலரும், மலம் கட்டும், சிறுநீர்ப்பை சுருங்க மறுக்கும். வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும். சிலவகைக் கண் அழுத்த நோய்க்கும் ஆகாது.

பின்னால் வந்த லோராட்டடின், பெக்சோபெனடின் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை. செட்டிரிசின் சிலரைத் தூங்க வைக்கும். புதியது என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. டெர்பெனடின் என்ற ஒன்று இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்தே போயிற்று.

மருந்தை நான் வையவில்லை. உடம்பெல்லாம் தடிப்புடன் விடிய விடியச் சொறிந்தவனுக்கு அதன் அருமை தெரியும். என் கோபம் 'வெறும் ஜலதோஷ மாத்திரைதானே' என்ற பேச்சின் மேல்தான். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் உட்கொள்வது ஆபத்து என்று ஆன்டிஹிஸ்டமின் அட்டையில் அச்சிட நம் சட்டமே சொல்கிறது. கடைக்காரர் கிழித்துக் கொடுக்கும் நாலு மாத்திரையில் அந்த வரி எங்கே வரும்? முதியோருக்குப் பழைய வகையைத் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் கூறுகிறது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று 2023இல் இங்கேயே உத்தரவு வந்தது. நாமோ பஜனைக்கு வந்த மாமிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் டப்பாவிலிருந்து எடுத்து நீட்டுகிறோம்.

வயது என்ன, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், சிறுநீர்த் தொல்லை உண்டா? இந்த மூன்றையும் கேட்காத கடையில் பெரியவர்களுக்கு மருந்து வாங்குவதில்லை என்று நாம் வைத்துக்கொண்டால் என்ன? கடைக்காரர் கேட்காவிட்டால் நாமே சொல்லலாமே. நான் அன்று சொல்லியிருந்தால் போதும்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது மாமனார் சட்டைப்பையில் ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: 'புராஸ்டேட் உண்டு. தூக்கம் வரும் சளி மாத்திரை கூடாது.' கும்பகோணம் கடைக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதை யாரும் சொல்றதே இல்லீங்க" என்றாராம்.