எருப் போடாத பாத்தி எங்கே?

“இந்த எருவைப் போட்டேன், விளைந்தது” என்கிறார் ஒருவர். போடாதிருந்தால் எவ்வளவு விளைந்திருக்குமென்று நாம் கேட்டால் கோபிக்கிறார். இதற்குப் பெயர் அனுபவமாம்!

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த பிஷர் என்பார் 1926-லேயே இதற்கு வழி சொன்னார். சத்துக்களைத் தனித்தனியே சோதிக்காமல், எல்லாச் சேர்க்கைகளையும் ஒன்றாகவே சோதிக்க வேண்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும் என்றார். இது சாமியிடம் உத்தரவு கேட்கும் சீட்டல்ல. நல்ல மண்ணாகப் பார்த்துத் தன் எருவைப் போட்டுக்கொள்ளும் மனிதனுடைய பட்சபாதத்தைத் தடுக்கும் சீட்டு.

மாணவர்களுக்கு இன்றும் பாடமாயிருக்கும் பட்டாணிச் சோதனையொன்றைப் பாருங்கள். 3 சத்து, 8 சேர்க்கை, 24 பாத்தி. தழைச்சத்து இட்ட பாத்திகளில் சராசரி 5.6 ராத்தல் அதிகம். சாம்பல்சத்து இட்டவற்றிலோ 4 ராத்தல் குறைவு! மணிச்சத்து இட்டவற்றிலும் 1.2 ராத்தல் குறைவுதான். ஆனால் அவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடுமாதலால், அதைக்கொண்டு மணிச்சத்தைத் தூற்றுவதும் மூடநம்பிக்கையே. சாம்பல்சத்தின் நஷ்டமும் அந்த மண்ணுக்கும் அந்தப் பயிருக்குமே அல்லாமல் உலகத்துக்கெல்லாம் விதியல்ல.

மூன்றையும் ஒன்றாய்க் கொட்டியவனுக்கு, எது கொடுத்தது, எது பறித்தது என்று தெரியுமா என்று கேட்கின்றோம்.

ஆகவே தோழர்களே! சொல்பவர் பண்டிதரா, வியாபாரியா, பாட்டனாரா என்று பார்க்காதீர்கள். எருப் போடாத பாத்தி எங்கே என்று கேளுங்கள். காட்டாதவர் பேச்சுக்குக் காசை இறைக்காதீர்கள்.