யாருக்காக இந்தக் கண்ணீர்?

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெறும் ஆண்டுகளில் நம் இல்லங்களில் இரவு பகலாகிவிடுகிறது. கொடைக்கானல் மலையின் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞன் ஒரு கோலுக்குத் துள்ளிக் குதிக்கிறான். அடுத்த கோலுக்குத் தலையில் கை வைத்துக்கொள்கிறான். தன் அணி தோற்றுவிட்டால் மறுநாள் உண்ணாமலும் பேசாமலும் திரிகிறான். "பிரேசில் தோற்றால் உனக்கென்ன? அவர்களா உனக்குச் சோறு போடப் போகிறார்கள்?" என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள்.

இக்கண்டனத்தை நான் ஏற்பதற்கில்லை. எல்லாவற்றிலும் ஆதாயம் தேடும் இக்காலத்தில், ஒரு காசும் பெறாமல் பிறருடைய வெற்றியில் மகிழவும் பிறருடைய தோல்வியில் வருந்தவும் ஓர் உள்ளம் பழகியிருக்கிறது என்றால், அது இகழத்தக்கதா? இரசிகனால் பந்தைத் தொட இயலாது. ஆட்டத்தின் போக்கை மாற்ற இயலாது. ஆயினும் தோற்ற அணியை விட்டு அவன் ஓடிவிடுவதில்லை. அடுத்த முறையும் அதே அணிக்காகவே காத்திருக்கிறான். உண்மை மாறாமை என்று நாம் போற்றும் பண்பின் சாயல் அதில் இல்லையா?

இந்த வெறி கொலையிலும் முடியும் என்பார்கள் சிலர். உண்மைதான். 1994-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தவறுதலாகத் தம் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்ட கொலம்பிய வீரர் ஆந்திரேஸ் எஸ்கோபார், பத்தே நாளில் தம் சொந்த நகரான மெடெல்லினில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால், குடித்து வெறிப்பவர்கள் உலகில் உண்டு என்பதற்காகக் கானாவூர்த் திருமண வீட்டாரை நாம் குறை கூறுவோமா?

எனவே, நம் இளைஞர் அழுகிறார்கள் என்பது என் வழக்கன்று. யாருக்காக அழுகிறார்கள், யாருக்காக அழ மறந்தார்கள் என்பதே என் வழக்கு.

2019-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி, முதலில் ஒரு கோல் பின்தங்கியிருந்தும், மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்றது. 43 புள்ளிகளுடன், 42 புள்ளிகள் பெற்றிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியைப் பின்னுக்குத் தள்ளி, ஐ-லீக் பட்டத்தைத் தமிழ் மண்ணுக்கு முதன்முறையாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மே மாதம், நம் மலையடிவாரத்திலிருந்து தொலைவில் இல்லாத மதுரையின் சேது அணி, லூதியானாவில் மணிப்பூர்க் காவல்துறை அணியை 3-1 என வீழ்த்தி, இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. நாட்டின் இருபெரும் பட்டங்கள் மூன்று மாதங்களுக்குள் தமிழகம் வந்து சேர்ந்தன! அந்நாட்களில் நம் ஊர்களில் எத்தனை வெடிகள் வெடித்தன? எத்தனை இல்லங்களில் அப்பெண்களின் பெயர்கள் ஒலித்தன?

பின்னர் நடந்தது இன்னும் வேதனைக்குரியது. வாகை சூடிய அந்தச் சென்னை சிட்டி அணியின் பெயர் 2021-22 பருவத்து ஐ-லீக் பட்டியலிலேயே இல்லை. குமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்து, பின்னர் இந்திய அணிக்காகவும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் போன்றோருக்கு ஒரு காலத்தில் களம் தந்த அணி அது. அதன் மறைவுக்காக இம்மலையில் ஒருவராவது ஒருவேளை உணவைத் தள்ளி வைத்தாரா? ஆனால், 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 எனச் சமநிலையில் நின்று பெனால்டி உதைகளுக்குச் சென்றபோது, நாமெல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

நமக்கு மேற்கே உள்ள கேரள மக்களைப் பாருங்கள் எனலாம். அவ்வாண்டு கோழிக்கோட்டு மாவட்டத்துப் புள்ளாவூரில் ஆற்றிலேயே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் வானளாவிய கட்அவுட் நிறுத்தினார்கள் அல்லவா? ஆம். ஆனால் அதே ஆண்டு மே மாதம், தங்கள் மாநில அணி வங்காளத்தை எதிர்கொண்ட சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்துக்கு மஞ்சேரி அரங்கை நிரப்பியவர்களும் அம்மக்களே. தொலைவில் உள்ளவரை நேசித்தபோதும் அருகில் உள்ளவருக்குச் செலுத்த வேண்டிய கடனை அவர்கள் மறக்கவில்லை.

2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், புவனோஸ் ஐரிஸ் நகரின் சான் லொரென்சோ அணியின் இரசிகராக இருந்ததை நாம் அறிவோம். அவ்வணி பிறந்த வரலாற்றை நம்மில் பலர் அறியோம். 1908-இல், தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த சிறுவருக்கு, லொரென்சோ மாஸ்ஸா என்ற சலேசியக் குரு தம் ஆலய முற்றத்தைத் திறந்துவிட்டார். அங்கே வேரூன்றியது அவ்வணி. 1979-இல் அது தன் பழைய அரங்கை இழந்தது. அவ்விடத்தில் பேரங்காடி ஒன்று எழுந்தது. இரசிகர்கள் அழுததோடு நிற்கவில்லை. பேரணி நடத்தினார்கள், சட்டம் கேட்டுப் போராடிப் பெற்றார்கள், சதுர மீட்டர் கணக்கில் பணம் திரட்டினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 2019 ஜூலையில், அந்நிலம் மீண்டும் அவர்கள் கைக்கு வந்தது. தன் ஊர்த் திடலில் தொடங்கிய அன்பு இதைச் செய்ய வல்லது. தொலைக்காட்சியில் தொடங்கித் தொலைக்காட்சியிலேயே முடியும் அன்பு எதைச் செய்யும்?

இனி நம் மலைக்கு வருவோம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், சரிவும் பள்ளமுமாய் விரிந்த இந்நிலத்தில் சமதரை எவ்வளவு அரிதென்பதைப் படிக்கட்டு வயல் வெட்டி உருளையும் பூண்டும் விளைவிக்கும் உழவர் அறிவர். உலகப் போட்டிகளின் ஆடுகளம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. அத்தனை சமதரை கிடைத்தால் விடுதி கட்டவே பலரும் எண்ணுவர். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பிறந்த சிறுவன் எங்கே ஓடுவான்? மலையிலும் அடிவாரத்திலும் திடலுக்கேற்ற சமதரை பெரும்பாலும் பள்ளிகளிடமும் நிறுவனங்களிடமுமே உள்ளது. அவற்றுள் நம்முடையவையும் பல. மாலை மணி அடித்ததும் அவற்றின் வாயில்கள் பூட்டப்படுகின்றன. புதுக் கட்டடம் வேண்டுமென்றால் முதலில் நம் கண்ணில் படுவதும் அத்திடலே!

ஆகவே, இளைஞரைக் கடியும் பெரியோரே, அவர்களுடைய இரவு விழிப்பைக் கணக்கெடுக்குமுன் உங்கள் பங்கின் திடலைக் கணக்கெடுங்கள். மாலை இரண்டு மணி நேரம் வாயிலைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுவருக்கு மட்டுமன்று, சிறுமியருக்கும் கேளுங்கள். சேது அணியின் பெண்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். நிறுவனத் தலைவர்களே, திடலில் கட்டடம் எழுப்புமுன் ஒருமுறை மக்களிடம் கேளுங்கள். இளைஞரே, மெஸ்ஸியின் பெயர் பொறித்த சட்டையை நீங்கள் அணிவதில் தவறில்லை. அச்சட்டையோடே பக்கத்து ஊர்ச் சிறுவர் ஆடும் ஆட்டத்துக்குச் சென்று கோட்டோரம் நில்லுங்கள். அவர்கள் தோற்றால் அங்கே வருந்துங்கள், மறுவாரமும் செல்லுங்கள். மெஸ்ஸிக்குக் கைதட்டக் கோடிக்கணக்கானோர் உண்டு. இச்சிறுவருக்கோ உங்களை விட்டால் வேறு இரசிகர் இல்லை.