ஒரே ஒரு பசு! இரண்டு பால் திருடர்கள்!

கௌபாய் படம் என்றால் குதிரை பறக்கும், துப்பாக்கி வெடிக்கும். "கௌபாய்" என்றால் மாடு மேய்ப்பவன். ஆனால் அந்தப் படங்களில் மாட்டை யார் கவனித்தார்கள்?

அமெரிக்கப் பெண் டைரக்டர் கெல்லி ரைக்கார்ட் கவனித்தார். 2019-ல் அவர் எடுத்த படம் "பர்ஸ்ட் கவ்". அதாவது, முதல் பசு.

கதை 1820-ம் ஆண்டுகளில், ஆரிகன் பகுதியில் நடக்கிறது. பீவர் என்ற பிராணியின் தோலுக்காக வியாபாரிகள் அங்கே கூடிய காலம். அந்தப் பகுதிக்கு முதன்முதலாக ஒரு பசு வருகிறது. சொந்தக்காரர், கம்பெனியின் பெரிய அதிகாரி. டீயில் ஊற்ற அவருக்குப் பால் வேண்டுமாம்!

குக்கி ஒரு சமையல்காரர். கிங் லூ ஒரு சீனர். இருவருக்கும் கையில் காசில்லை. இரவில் அந்தப் பசுவிடம் பால் திருடுகிறார்கள். வழியில் காளையையும் கன்றையும் இழந்த பசு அது. கறக்கும்போதே அதற்கு ஆறுதல் சொல்கிறார் குக்கி!

அந்தப் பாலில் மாவு கலந்து, எண்ணெயில் பணியாரம் சுட்டு, தேன் ஊற்றி விற்கிறார்கள். கூட்டம் முண்டியடிக்கிறது. பால் பறிகொடுத்த அதிகாரியே ருசித்துப் பாராட்டுகிறார்!

கடை வைக்கப் பணம் வேண்டும். அது இல்லாத ஏழை என்ன செய்வான்? படம் கேட்கும் கேள்வி இதுதான். தமிழில் "முதல்" என்றால் மூலதனமும்தானே! பழைய படங்களில் துப்பாக்கி உள்ளவன் ஆண்டான். இங்கே பசு உள்ளவன் ஆளுகிறான். இதுவே உண்மைக்கு நெருக்கம்.

2020 மார்ச்சில் படம் அமெரிக்காவில் வெளியானது. சில நாட்களில் கொரோனாவால் தியேட்டர்கள் மூடப்பட்டன. ஆனாலும், அந்த ஆண்டின் சிறந்த படமாக நியூயார்க் விமர்சகர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

திருடர்கள் கதி? படத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். இந்தக் காலத்து ஆற்றங்கரை. ஒரு நாய் மண்ணைக் கிளறுகிறது. உள்ளே, அருகருகே இரண்டு எலும்புக்கூடுகள்!