பெயர் எழுதாத இடத்தில் பங்கும் இல்லை

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எழுதிய பாட்டு ‘என்ஜாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் வெளிவந்து கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அதைத் தயாரித்த சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார்: அறிவு, தீ, தான் என மூவருக்கும் அந்தப் பாட்டிலிருந்து இதுவரை வருமானம் எதுவும் வரவில்லை.

உலகறிந்த மூவருக்கே இதுதான் கதி. தி.நகர், கோடம்பாக்கம் ஒலிப்பதிவுக் கூடங்களில் பறையும் சட்டி மேளமும் அடித்துவிட்டு அன்றைய கூலியோடு வீடு திரும்பும் நம் பிள்ளைகளுக்கு என்ன வரும்?

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் வரும் பணத்தைச் சேர்த்து, மொத்தக் கேட்பு எண்ணிக்கையில் அவரவர் பங்குக்கேற்பப் பிரிக்கின்றன. அதுவும் முதலில் பாட்டின் உரிமை வைத்திருப்பவர் கைக்குத்தான் போகிறது. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவுப் பங்கே கிடையாது. புதிதாகக் கானா பாடிப் போடும் தம்பிக்கு அந்த வாசலும் அடைபட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012 பதிப்புரிமைத் திருத்தம், பாடலாசிரியர், இசையமைப்பாளரோடு நிற்காமல் நிகழ்த்துக் கலைஞருக்கும் ராயல்டி உரிமை தந்தது. கருவி வாசிப்பவரும் அதில் அடக்கம். ஆனால் அந்த உரிமையைக் கேட்க, வாசித்தவர் யார் என்பது எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டுமே!

மயிலாப்பூர் சபா அழைப்பிதழில் வயலின், மிருதங்கம், கடம் என ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியே இருக்கும். நல்ல வழக்கம். பறை என்றால் மட்டும் பெரும்பாலும் ‘குழுவினர்’ என்று முடித்துவிடுகிறார்கள். ‘நாட்டுப்புற இசை’ என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சொந்தமில்லாத இசை என்றாகிவிடுகிறது. சேரியின் உழைப்பு பொதுச்சொத்து, அதில் வரும் லாபம் மட்டும் தனிச்சொத்து. இது எந்த ஊர் நியாயம்?

“சந்தா கட்டிக் கேட்பவர்களே குறைவு, பணத்துக்கு எங்கே போவது?” என்பார்கள். இருக்கட்டும். கொஞ்சமே வந்தாலும் அதைப் பங்கிடும்போது யார் பெயர் விடுபடுகிறது என்பதுதான் நம் கேள்வி.

வாசித்த ஒவ்வொருவர் பெயரும் பாட்டின் விவரத்தில் வர வேண்டும். பங்கு எவ்வளவு என்பது ஒலிப்பதிவு நாளிலேயே கையெழுத்தாக வேண்டும். நம் மேடைகளின் துண்டறிக்கையிலிருந்தே இதைத் தொடங்குவோம். தோழர்களே, கூலியை வாங்கிய கையோடு கேளுங்கள்: “என் பேர் எழுதியாச்சா?”

ஜெய் பீம்!